எந்தக் கெட்டி?

எஸ்தர் அம்மையார் காலமான செய்தி நேற்றுக் காலை குருபரப்பள்ளியிலிருந்து தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய மகள். “அம்மா போய்ட்டாங்க அங்கிள்” என்றார்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூர்ப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் வரைபடம் போடுபவன். அவர் உலோகச் சோதனை அறைக்குப் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு சாமானும் வெளியே போகாது. எதிர்த்துப் பேசினால் கோபிக்க மாட்டார், சிரித்துக்கொண்டே முதலில் கேட்டதையே மறுபடி கேட்பார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

பெங்களூரில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, அந்தப் பாகங்களை அளந்து சரிபார்க்கும் கருவிகளை அனுப்பிவந்தோம். கருவியின் நீண்ட கம்பி எஃகு. நாளெல்லாம் தூக்கிப் பிடித்துத் தோள் வலிக்கிறது என்று அவர்கள் சொல்ல, அதே பருமனில் டைட்டானியக் கலவையில் செய்து தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

முதலாளி வீட்டில் தெலுங்கு. “சாலா கட்டிம்மா, ஒடையவே ஒடையாது” என்றார்; ரொம்பக் கெட்டி என்று பொருள். லேத் ஓட்டும் பசவராஜுவுக்குக் கன்னடம். அந்த உலோகத்தைக் கடையும்போது சூடெல்லாம் டூல் முனையிலேயே நின்று முனை மழுங்கிப்போகும். அந்தக் கடுப்பில் அவரும் அதையே, “தும்பா கட்டி மேடம்” என்றார். நான் என் பங்குக்கு, “கெட்டின்னா வளையாதுதானே, அப்புறம் என்ன?” என்றேன். உடையாதது, கடைய முடியாதது, வளையாதது என்று ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு, மூன்று மொழிக்கும் பொதுவான ஒரே சொல்லுக்கு ஒற்றுமையாகத் தலையாட்டினோம்.

“எந்தக் கெட்டி?” என்று கேட்டார் எஸ்தர் அம்மையார்.

ஒரே அளவில் எஃகுக் கம்பி ஒன்று, டைட்டானியக் கம்பி ஒன்று. இரண்டையும் மேசை விளிம்பில் இறுக்கி, நீட்டிய முனைகளில் ஒரே எடையைத் தொங்கவிட்டார். எஃகைவிட டைட்டானியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாழ்ந்தது. எடையை எடுத்ததும் பழையபடி நேரானது.

“ஒடையாது, நெசந்தாங்க. ஆனா வளையுதே. வளைஞ்ச கம்பியில அளந்தா தப்பான சாமானும் சரின்னு போயிடும். ஆகாயத்துல போறதுங்க அது.”

“ஆர்டர் போனா எல்லாரும் வீட்டுக்குத்தாம்மா போகணும்!” என்று முதலாளி கத்தினார். அதில் பொய்யில்லை. அம்மையாரின் கணவர் அப்போது படுத்த படுக்கை; அம்மையாரின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. “போறேங்க. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்” என்றபோது அவர் குரல் நடுங்கியதை நான் கேட்டேன்.

கம்பியைச் சற்றுப் பருமனாக்கி நான் புதிதாக வரைந்தேன். எடை பாதியாகாது, கொஞ்சம்தான் குறையும் என்று அம்மையாரே பெங்களூர் போய்ச் சொன்னார். ஒப்புக்கொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கணவர் தவறிவிட்டார். அம்மையார் இனி வேலைக்கு வரமாட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, ஒரு திங்கட்கிழமை வந்து சோதனை அறையைத் திறந்தார்.

இன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் பசவராஜு என் பக்கத்தில் நின்றார். “கட்டியான மனுஷி சார்” என்றார். பழக்கதோஷத்தில், “எந்தக் கெட்டி?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் வலது கையை நேராக நீட்டினார். மெல்லத் தாழ்த்தினார். பிறகு, பழையபடி நேராக உயர்த்தினார்.

போய் வாருங்கள், எஸ்தர் அம்மா.