முன் சீட்டு

ஏற்காட்டில் அப்போது பிரேக் வேலையை நம்பிக் கொடுக்க ஒரே ஒரு மெக்கானிக்தான் இருந்தார். ஒல்லியான ஆள். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை, நல்ல வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர். பேரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

என் காரின் பிரேக் பெடல் மிதித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, காலை எடுத்தாலும் மேலே வரவில்லை. அவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பெடலைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"பின்னு தேஞ்சுபோச்சுங்க. ஸ்பிரிங்கும் ஒடஞ்சிருக்குது."

இரண்டையும் மாற்றிவிட்டு, ஓட்டிப் பார்க்க என்னையும் அழைத்தார். நான் முன் கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னாடி உக்காருங்க" என்றார்.

குப்பனூர் பாதையில் கொஞ்ச தூரம் இறங்கினோம். கார்களில் சீட் பெல்ட் வராத காலம் அது. ஒவ்வொரு வளைவிலும் அவர் பிரேக்கை மிதித்தபோது, இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, காலியாக இருந்த முன் சீட்டின் குறுக்கே நீண்டது. ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்தில் நின்றது.

திரும்பி வந்து நிறுத்தியதும் கேட்டேன். "அங்க யாருங்க உக்காருவாங்க?"

"எம் புள்ளதானுங்க. முன்னாடிதான் உக்காருவேன்னு நொம்ப அடம் புடிக்கும். அது தவறி நாளாச்சுங்க. இந்தக் கைக்குத்தான் இன்னும் தெரியல."

சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் தனியாகச் சேலத்துக்கு இறங்கினேன். பெடல் சொன்னபடி கேட்டது. பையை முன் சீட்டில் வைக்கத்தான் மனசு வரவில்லை.