சந்திரனில் தண்ணீர் திறந்த வருஷம்

சந்திரனில் தண்ணீர் கிடையாது என்று ரேடியோவில் சொன்னபோது, "யாரு சொன்னது?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்ட இடம் தேனியில் ஒரு முடிவெட்டும் கடை. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, பாதி மீசை. அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன் விஞ்ஞானிகளோடு சண்டைக்குப் போகக்கூடாது. கடைக்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்தி, "ஏன் சார், நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீகளா?" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் போய்ப் பார்த்ததில்லைதான். ஆனால் அங்கே கால்வாய் வெட்டியவன் நான். மதகு வைத்தவனும் தண்ணீர் முறை போட்டவனும் நான். இதையெல்லாம் சோப்பு நுரையோடு விளக்க முடியுமா? கண்ணாடியைப் பார்த்தபடி மிச்ச மீசைக்கு முகத்தைக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுகிறவர் பெட்டிக்குள் கரியை ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பழைய கம்பம் பஸ் என் முன்னால் வந்து நின்றது. உங்களுக்கு வயது குறைவென்றால் நம்பமாட்டீர்கள். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் பக்கத்துப் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. வண்டிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதற்குள் கரி கனியும். புறப்படுவதற்கு முன்னால் கிளீனர் ஒரு கைப்பிடியைப் பிடித்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுற்றுவார். ஏற்றம் வந்தால் பஸ் யோசிக்கும். யோசித்துவிட்டு நின்றுவிடும். நாம் இறங்கித் தள்ளுவோம். சின்னமனூரில் வெள்ளைச் சட்டையோடு ஏறியவர் உத்தமபாளையத்தில் இறங்கும்போது கொல்லர் பட்டறையிலிருந்து வருகிறவர் மாதிரி இருப்பார்.

என்னுடைய ஆகாயக் கப்பல் அந்தப் பஸ்தான்.

அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. உத்தமபாளையத்தில் பாசன ஆபீஸில் குமாஸ்தா. ஊரில் அதற்குத் தண்ணி ஆபீஸ் என்று பெயர். பகலில் மதகு ரிப்பேர் மனுக்களை நகல் எடுத்த அதே பேனாவால், ராத்திரி 'நிலாக் கால்வாய்' என்றொரு தொடர்கதை எழுதினேன். மதுரையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகை, வேறு யாரும் அகப்படாத குறையில், அதைப் போட்டது. கதாநாயகன் கேப்டன் தனபாலன். பூமிக்கும் சந்திரனுக்கும் நடுவழியில் கப்பல் நின்றுவிடும். கிளீனர் இறங்கி, நட்சத்திரங்களுக்கு மத்தியில் நின்று கைப்பிடியைச் சுற்றுவார். கரிப்புகை அண்டவெளியெங்கும் பரவும். கப்பல் நகரும்.

இதை யாருமே சந்தேகப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

புனைபெயரில்தான் எழுதினேன். சர்க்கார் ஊழியன் கதை எழுதினால் வம்பு. ஆனால் எழுதியதை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எழுதுவதில் என்ன இருக்கிறது? பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த மீரான் ராவுத்தரிடம் மட்டும் சொன்னேன். அவரை மாமா என்று கூப்பிடுவேன். மாமா பரம ரகசியமாக வைத்துக்கொண்டார். சைக்கிள் எடுக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பத்திரிகை பஸ்ஸில் வந்து இறங்கும். ராவுத்தர் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து உரக்க வாசிப்பார். சந்தைக்கு வந்தவர்கள், தாலுகா கச்சேரிக்கு வந்தவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் நின்று கேட்பார்கள். கேட்கிறவன் முகத்தில் வியப்பு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தது வேறு. நீங்கள் அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். நம் படைகள் திட்டமிட்டபடி பின்வாங்கின என்று பத்திரிகையில் வந்தால், உதை விழுந்தது என்று புரிந்துகொள்ளப் பழகியிருந்தோம். அரிசிக்குப் பஞ்சமில்லை என்று வந்தால் அன்றைக்கே மூட்டையைப் பதுக்கினார்கள். அச்சில் வந்த எதற்கும் பின்பக்கம் ஒன்று உண்டு என்பது கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஏற்றுக்கொண்ட விஷயம். அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய்ச் சந்திரன் என்றால் யார் சந்திரனைப் பார்க்கப் போகிறார்கள்?

சந்திரனுக்குப் போகும் வழியில் எந்தப் பொருளுக்கும் எடை இருக்காது என்று ஒரு வாரம் எழுதியிருந்தேன். ராவுத்தர் வாசிப்பதை நிறுத்தினார்.

"எடையே இல்லேன்னா அங்கன எப்படி யாவாரம் பண்றது?"

கூட்டத்தில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஏலே, இது ரேஷன் கடைக்காரன் எழுத வச்சதுடா. இப்பமே சொல்லிப் பழக்குறாக. நாளைக்கி அரைப்படி கொறஞ்சா, காத்துல எடை போச்சும்பான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சைக்கிள் துடைக்கிற மாதிரி ஒதுங்கி நின்றிருந்த எனக்குக்கூட, இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

ஆபீஸில் ஓவர்சீயர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் பத்திரிகை. என் கதையில் நிலா அதிகாரி ஒருவர் மதகைப் பார்வையிட வரும்போதெல்லாம் இளநீர் வெட்டச் சொல்லுவார்.

"யாரய்யா இந்த அதிகாரி?"

"நிலாவுல உள்ளவரு சார்."

"நிலாவுல தென்னைமரம் ஏது?"

நல்ல கேள்வி. விஞ்ஞான ரீதியாக என்னைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "அடுத்த வாரம் அவரு இளநி குடிச்சாருன்னா, நீ இந்த ஆபீஸ்ல இருக்கமாட்ட" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நிலா அதிகாரி மோர் குடித்தார்.

என்மேல் இப்படிச் சந்தேகம் விழுந்ததற்கு என் கற்பனைப் பஞ்சமும் காரணம். எனக்குத் தெரிந்த உலகம் ஒரே ஓர் ஆபீஸ். ஆகவே சந்திரனிலும் ஒரு தண்ணி ஆபீஸ் இருந்தது. நமக்குப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வருகிற மாதிரி, அவர்களுக்கும் நிலாவின் மறுபக்கத்திலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் வந்தது. மேல்மடைக்காரர்கள் ராத்திரியில் மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரை மறித்தார்கள், கடைமடைக்காரர்கள் மனு எழுதினார்கள். இதோடு விட்டிருக்கலாம். சித்திரை கடைசியில், கதையில் விறுவிறுப்புப் போதவில்லை என்று பத்திரிகாசிரியர் எழுதினார். நான் உடனே, பூமிக்காரர்கள்மேல் கோபங்கொண்ட நிலா ராஜா, 'இந்த வருஷம் தண்ணீர் ஒரு மாதம் தாமதமாகத்தான் திறக்கப்படும்' என்று உத்தரவு போட்டதாக எழுதிவிட்டேன்.

எந்த மாதத்தில் எழுதினேன் என்பதுதான் விஷயம். நம் பள்ளத்தாக்கில் வைகாசியில் தண்ணீர் திறக்கும். அதை நம்பி, திறப்பதற்கு முன்னாலேயே கிணற்றுத் தண்ணீரை இறைத்து, நாற்றங்காலில் விதை தூவி நாற்றுப் பாவிவிடுவார்கள். தண்ணீர் வரும்போது நாற்று நடுவதற்குத் தயாராக நிற்கவேண்டும். தண்ணீர் பிந்தினால் நாற்று முற்றிப்போகும். அப்புறம் அது மாட்டுக்குத்தான்.

ராவுத்தர் அந்த அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"வெறுங் கதை" என்றேன்.

"ஆமாமா, கதைதான்" என்றார் கொடிக்கால்காரர், வேண்டிய நயத்தோடு. "ஆபீஸ் ரகசியத்தை வேற எப்படிச் சொல்லுவாக?"

"சத்தியமா நானா இட்டுக்கட்டுனது."

"தம்பியை ஒண்ணும் கேக்காதீக" என்று ராவுத்தர் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். "அவரு உத்தியோகம் போயிரும்."

மறுவாரம் ராவுத்தர் ஒரு செய்தி சொன்னார். பழனிசெட்டிபட்டிப் பக்கம் வீரணன் இன்னும் நாற்றுப் பாவவில்லை, யோசிக்கிறாராம். வீரணனை எனக்குத் தெரியும். கடைமடையில் ஒரு துண்டு வயல், தம்பியோடு பங்குக் கிணறு. முந்தின வருஷம் தண்ணீர் கடைமடைக்குப் பிந்தி, நாற்று முற்றி, பாதி வயல் தரிசாகக் கிடந்தது. அந்த மனுவை நகல் எடுத்தவனே நான்தான். இன்னொரு வெள்ளாமை தப்பினால் வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்று ஆபீஸ் வாசலில் நின்று சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவரைச் சந்திரனைக் காட்டிக் கெடுத்துவிட்டோமே என்று, ஞாயிற்றுக்கிழமை ராவுத்தரிடம் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்தேன். போய்ச் சேரும்போது உச்சிவெயில்.

வீரணன் களத்து மரநிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேச்சி என்னைப் பார்த்ததும், "ஆத்தாடி, இந்த வெயில்லயா வந்தீக?" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணே, தண்ணி எப்பவும்போல வைகாசியில திறந்திரும். தைரியமா நாத்துப் பாவுங்க."

"திறந்திருமா?"

"கண்டிப்பா."

"உத்தரவு வந்திருச்சோ?"

"இன்னும் வரல."

"வராமயே ஒங்களுக்குத் தெரியுமாக்கும்." கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கினார். "ஓவர்சீயர் அனுப்பிச்சாரா?"

"இல்லண்ணே. நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

"ஓகோ."

அந்த ஓகோவுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. சத்தியம் செய்தேன். ஒன்றுக்கு இரண்டாகச் செய்தேன். "சரி தம்பி, பாப்போம்" என்றார். பெரிய காரியம் முடித்த நிம்மதியோடு திரும்பினேன்.

அதோடு நில்லாமல், கதையிலும் ராஜாவின் மனதை மாற்றி, வழக்கமான நாளிலேயே தண்ணீர் திறக்கவைத்துத் தபாலில் சேர்த்தேன். அந்த வாரம் பத்திரிகை வரவேயில்லை. காகிதத் தட்டுப்பாடு. ராவுத்தர் பஸ்ஸில் ஏறித் தேடிவிட்டு வெறுங்கையோடு இறங்கி, "பாத்தீகளா, நிப்பாட்டிட்டாக" என்றார். கொடிக்கால்காரர் கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

தண்ணீர் வைகாசியில் திறந்தது. அப்போது ஒன்று தெரியவந்தது. சைக்கிள் கடையில் அத்தனை சந்தேகம் பேசிய எவரும் நாற்றுப் பாவாமல் இருக்கவில்லை. கொடிக்கால்காரர் எல்லோருக்கும் முந்திப் பாவியிருந்தார். பாவாமல் விட்டது வீரணன் ஒருவர்தான். வாய்க்காலில் தண்ணீர் போகிறது, அவர் வயல் உழவோட்டி நிற்கிறது, நடுவதற்கு ஒரு கட்டு நாற்று இல்லை. இனிமேல் விதைத்து, முளைத்து, பிடுங்கி நட ஒரு மாதம். அதற்குள் பருவம் தாண்டிவிடும்.

நட்டது போக மிஞ்சிய நாற்றை வரப்போரம் போட்டுவைப்பதும், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். மேல்மடையில் நடவு முந்தி முடியும். லீவு போட்டுவிட்டுக் கம்பத்துக்குப் போய், வயல் வயலாக ஏறி இறங்கி, கட்டுக்கட்டாக நாற்று முடிகளைச் சேர்த்தேன். தண்ணி ஆபீஸ் குமாஸ்தா நாற்றுப் பிச்சை எடுக்கிறான் என்று ஒரு புதுச் சந்தேகம் கிளம்பியது. "இந்த வருஷம் பாதியில தண்ணிய நிப்பாட்டப் போறாக, அதான் முந்திக்கிறாக" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். முடிகளைக் கரிபஸ்ஸின் கூரையில் ஏற்றினேன். வழியெல்லாம் சேற்றுத் தண்ணீர் ஜன்னல் வழியே பிரயாணிகள்மேல் சொட்டியது. அன்றைக்கு நான் வாங்கிய வசவுகளில் ஒன்றுகூட அச்சில் ஏறாது.

பேச்சி ஒரு முடியைப் பிரித்து, வேரை முகர்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன ரகம்? நெசமாச் சொல்லுங்க."

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். என் வாயிலிருந்து வந்ததில் அவர்கள் உடனே நம்பியது அது ஒன்றைத்தான். நட்டார்கள். மூன்று வயல்களின் நாற்று. கதிர் மூன்று தரமாக வந்தது. ஆனாலும் வந்தது. வீரணன் மலைத்தோட்டத்துக்குப் போகவில்லை.

பத்திரிகை அதற்குப்பின் நாலைந்து இதழ்களோடு படுத்துவிட்டது. கேப்டன் தனபாலன் திரும்பும் வழியில் அந்தரத்தில் நின்றுபோனார். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை ஒரு வாசகரும் கேட்கவில்லை.

கரிபஸ் போய்விட்டது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் பாத்திரம் விற்கிறார். டயர்களுக்கு நடுவே நின்று ஒரு வரியைக் கேட்டுவிட்டு, இதை எழுத வைத்தவன் யார், எதற்காக, யாருக்கு ஆதாயம் என்று விசாரிக்கிற அந்த ஜனங்களும் போய்விட்டார்கள். முடிவெட்டும் கடையில் ரேடியோ சந்திரனைப் பற்றிச் சொன்னபோது ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்திலாவது ஒரு சந்தேகம்? அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த ஆள் நாற்காலியில் ஏறினார்.

ஆனாலும் வெகுநாள் எனக்குள் ஒரு ரகசியப் பெருமை இருந்தது. எல்லோரும் வாயால் சந்தேகப்பட்டுவிட்டுக் கையால் விதைத்தபோது, ஒரே ஒருவர் என் எழுத்தைக் கடைசிவரை நம்பி நாற்றுப் பாவாமல் இருந்தாரே! எந்த எழுத்தாளனுக்கு அப்படி ஒரு வாசகர் கிடைத்தார்? சண்டை முடிந்து வெகுகாலம் கழித்துச் சின்னமனூர்ச் சந்தையில் வீரணனைப் பார்த்தபோது, சுற்றி வளைத்து அதைக் கேட்டேன். கதையில் எந்த இடம் அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது?

"கதையா?" என்றார் வீரணன். "அது என்னன்னே எனக்குத் தெரியாது தம்பி. ஆளுக்கொண்ணு பேசுனாக, நான் காதுல வாங்கல. மறுநா ஊறப்போடணும்னு வெதமூட்டைய எடுத்து வச்சிருந்தேன். அப்பத்தான் நீங்க வந்தீக. தண்ணி ஆபீஸ்காரரு ஒருத்தரு, கூப்புடாம, அந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்து, தண்ணி கண்டிப்பா வரும்னு சத்தியம் பண்றாருன்னா என்ன அர்த்தம்? மூட்டையத் திருப்பி உள்ள வச்சிட்டேன்."