‘மனெ பேக்கு’ என்று சொல்லி வாங்கிய வீடு

என் வீட்டுக்காரர் ஆரணிக்காரர். பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் கன்னடத்தைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. தமிழைக் கொஞ்சம் வளைத்தால் கன்னடம், அவ்வளவுதான். பால் ஹாலு, புலி ஹுலி, பல்லு ஹல்லு. ‘ப’ வருகிற இடத்தில் ‘ஹ’ போட்டால் தீர்ந்தது கதை என்று நினைத்துக்கொண்டு, ஜீவனஹள்ளி மளிகைக் கடையில் போய் “ஹருப்பு பேக்கு” என்று நின்றார். பேக்கு என்றால் வேண்டும், அது சரி. ஹருப்பு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கடைக்காரர் பாவம், என் முகத்தைப் பார்த்தார். நான் இதே ஊரில், அல்சூரில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் வீட்டில் இரண்டு பாஷையும் கலந்தே ஓடும். துவரம்பருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தெரு என்றும் பார்க்காமல் சிரித்தேன். “சிரி, சிரி. ஒரு நாள் நான் பேசற கன்னடத்துல இந்த ஊரே மயங்கும் பாரு” என்றார்.

மயங்கத்தான் மயங்கியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜீவனஹள்ளியில் எங்களுடையது மாடிப் போர்ஷன். கீழே வெல்டிங் பட்டறை, எதிரே டியூஷன் சென்டர். சொந்த வீடு, அதுவும் சத்தமில்லாத இடத்தில் என்பது எனக்குக் கிறுக்காகவே பிடித்துவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளம்பிவிடுவோம். அப்படித்தான் ஆனேக்கல் பக்கம் ஒரு பழைய லேஅவுட்டில், ரிட்டயர்டான கன்னட டீச்சர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கணவர் காலமாகிவிட்டார், மைசூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். சின்ன வீடு. சிவப்புச் சிமெண்ட் தரை, சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். தெருவில் ஒரு சைக்கிள் போனால்கூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றும், அத்தனை அமைதி. எனக்கு வாசலிலேயே முடிவாகிவிட்டது.

வீட்டை ஏன் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று புரோக்கர் வழியிலேயே சொல்லியிருந்தார். வருகிறவர்கள் கேட்டிலிருந்தே டேப் வைத்து இடத்தை அளக்கிறார்களாம். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. டீச்சர் எல்லாரையும் வேண்டாம் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்களை உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். பெரியவர் முன்னால் இங்கிலீஷ் எதற்கு என்று சுத்தக் கன்னடத்தில் இறங்கிவிட்டார்.

“நமகே மனெ பேக்கு, அம்மா. மனெ மாத்ர சாக்கு.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். புரோக்கரைப் பார்த்து, இனி யாரையும் கூட்டி வராதே என்றார். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. அடடா, இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசா!

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தார். “நல்ல இடம். இடிச்சிட்டுக் கட்டினா, மேல நாம, கீழ அப்பா அம்மா. அம்சமா இருக்கும்.”

“எதை இடிக்கிறது? இப்பதானே மனெ பேக்குன்னீங்க!”

“ஆமா, மனை வேணும்னேன். மனை மட்டும் போதும்னும் சொன்னேனே. வீடு எதுக்கு?”

ஐயோ! ஆரணியில் மனை என்றால் வெறும் நிலம், இந்த ஊரில் சைட் என்பார்களே, அது. இங்கே மனெ என்றால் வீடு. இந்த ஆள் அந்த அம்மாவிடம், எங்களுக்கு உங்கள் வீடுதான் வேண்டும், வீடு மட்டும் போதும் என்று உருகிவிட்டு வந்திருக்கிறார்.

“அப்ப என்னை மனைவி, மனைவின்னு சொல்றீங்களே, நான் என்ன காலி கிரவுண்டா?” என்றேன். சிரிப்பு அடங்க நாலு ஸ்டாப் ஆயிற்று. அடங்கியதும்தான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். சொல்லாமல் வாங்கினால், அந்த அம்மா மைசூரில் உட்கார்ந்து வீடு நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

வீட்டில் பெரிய சண்டை. “இடிக்காதீங்க, இல்லேன்னா போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றேன். அவருடைய அப்பாவுக்கு மூட்டுவலி, கீழே வசதியாக அறை வேண்டும், அதுவும் நியாயம்தான். இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு “வா, சொல்லிடலாம்” என்றார்.

மொழிபெயர்த்தது நான். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டுக் கன்னடம் பேசியதில்லை. டீச்சர் முழுதும் கேட்டார். முதலில் சிரித்தார், ரொம்ப நேரம். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்களில் சிலர், இடிக்கவே மாட்டோம், கோயில் மாதிரி வைத்துக்கொள்வோம் என்று கையில் டேப்போடு சத்தியம் செய்தார்களாம். “உள்ளதைச் சொல்ல நீங்க ஒருத்தர்தான் திரும்பி வந்தீங்க. எடுத்துக்குங்க. இடிக்கிறப்போ எனக்குச் சொல்லாதீங்க, அது போதும்” என்றார்.

குடிவந்த புதிதில் அந்த அமைதி எங்களுக்குப் பழகவேயில்லை. வெல்டிங் சத்தத்தில் தூங்கியவர்கள், ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டு தூங்கினோம். காலையில் கீரைக்காரம்மா “சொப்பு, சொப்பு” என்று கூவிக்கொண்டு வந்தால்தான் ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். மழை பெய்தால் பட்டர் ஃப்ரூட் கூரைமேல் தொப்பென்று விழும். ஆரணியிலிருந்து மாமியாரோடு எங்களிடம் வந்துவிட்ட மாமனார், மூட்டுவலியை மறந்து கூடையோடு ஓடுவார். நாங்கள் எல்லோரும் இடித்துக்கொண்டு, முட்டிக்கொண்டு, அந்தச் சின்ன வீட்டில் சந்தோஷமாக இருந்தோம்.

இடிப்பது தள்ளிக்கொண்டே போயிற்று. காய் முடியட்டும், மழை முடியட்டும், ஊருக்குப் போன அப்பா திரும்பி வரட்டும். ஒவ்வொரு சாக்கும் இவருடையதுதான். கேட்டால் எரிந்து விழுவார். தெருவில் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக நாலு மாடி ஆயின. கடைசியில் பின்பக்கம் ஓர் அறையை மட்டும் எடுத்துக் கட்டி மாமனாரையும் மாமியாரையும் குடிவைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

போன வருஷம், சொல்லாமல் கொள்ளாமல் டீச்சர் வந்தார். ஆட்டோவை அனுப்பிவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடிக்காத வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நான் சிரித்துக்கொண்டே ஓடினேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“இன்னும் இடிக்கலையா?”

“இல்லம்மா. அவருக்கு மனசு வரல.”

“மைசூர்ல உக்காந்து தினமும் நானே இடிச்சேன்மா. ஒவ்வொரு சுவரா. சமையல் ரூமை இடிக்கத்தான் ரொம்ப நாளாச்சு. எல்லாம் முடிஞ்சுது, இனிமே போய்ப் பாக்கலாம்னு தைரியமா வந்தேன்.” குரல் உடைந்துவிட்டது. “திரும்பவும் கட்டி வெச்சிருக்கீங்களே.”

இவரும் பின்னால் வந்து நின்றார். மெதுவாகக் கேட்டைத் திறந்தேன். டீச்சர் உள்ளே வந்தார். வாசலில் நாங்கள் வைத்திருக்கும் செருப்பு ஸ்டாண்டைக் கவனிக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பழைய பழக்கத்தில் சமையலறைப் பின்கதவோரம் சுவரை ஒட்டிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்வான நிலைக்குத் தலையைக் கொஞ்சம் குனித்து உள்ளே போனார்.