எல்லை அதிகாரியிடம் சொன்ன பதில்

தாய்லாந்துக்குள் போக நமக்கு விசா வேண்டாம். ஆனால் சில வாரங்கள்தான் தங்கலாம். கெடு முடியும்போதெல்லாம் மலேசியாவுக்குப் போய் மறுநாளே திரும்பி நுழைவேன். எங்கிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை என்பதால் இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

அங்கே நோக் என்ற தாய்லாந்துப் பெண்ணோடு வாழ்ந்தேன். முத்தையாபுரத்தில் இருக்கும் அம்மாவுக்கு அது தெரியாது. கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்று நோக் கேட்டால், பார்க்கலாம் என்பேன்.

கடைசி முறை எல்லையில் அதிகாரி என் பாஸ்போர்ட்டை நெடுநேரம் புரட்டினார்.

"இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?"

கண்ணாடிக்கு அப்பால் நோக் எனக்காகக் காத்திருந்தாள்.

"யாரும் இல்லை. சுற்றிப் பார்க்க வந்தேன்" என்றேன்.

"சுற்றிப் பார்த்தது போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

போனில் நோக் ஒன்றுதான் கேட்டாள். "என்னைப் பற்றிச் சொன்னாயா?"

ஊர் வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலே, அந்தப் பிள்ளைய அங்கன ஒத்தையில நிக்க விட்டுட்டா வந்த? எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு. கல்யாணத்துக்கு நானும் வாரேன்."

இப்போது குடும்ப விசாவில் நோக்குடன் இருக்கிறேன். அன்று அந்த அதிகாரி உள்ளே விட்டிருந்தால், அம்மாவிடம் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டேன்.