போறன் என்கிற மூன்றெழுத்து

பேசச் சிரமப்படுகிறவர்களைப் பேச வைப்பது என் தொழில். அப்படிப்பட்ட என் வாயிலேயே மூன்றெழுத்துச் சொல் ஒன்று வராமல் அடைத்துக்கொண்டது. ஓட்டிசம் என்கிற மதியிறுக்கம் உள்ளவர்களோடு வேலை செய்கிற எங்களுக்கென்று வந்தாறுமூலைப் பக்கம் நடந்த பயிற்சியில்தான் அந்த அவமானம்.

பயிற்சி என்றால் நான் கடைசி வரிசை. மதியம் புரியாணி என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். பயிற்சி தந்தவ ஒரு இளம் வைத்தியர். எங்கள் நடுவில் வந்து நின்று கேட்டா: "வெளிக்கிடக்குள்ள என்ன சொல்லுவீங்க?"

மண்டபமே சேர்ந்து பாடியது: "போயிட்டு வாறன்!"

"எப்ப வருவீங்க?"

ஓட்டிசம் உள்ள சிலர் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள் என்றா அவ. நாங்கள் நாகரிகமாக ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவோம். அவர்கள் வாசலில் காத்து நிற்பார்கள்.

இலக்கணம் படித்த திமிர் என்னை எழுப்பிவிட்டது. "இது பொய்யில்லை டொக்டர், மங்கலம். செத்தார் என்னாமல் காலமானார் எண்டுறமே, அந்த வகை."

"சரி சேர். உங்கட மங்கலத்தை நம்பி ஆராவது வாசலில நிண்டிருக்காங்களா?"

உட்கார்ந்துவிட்டேன். நின்றிருக்கிறாள்.

வவுணதீவில் நான் வீடு தேடிப் போய்ப் பார்க்கிற இளம்பெண் அவள். சொற்களைச் சில்லறை போல எண்ணித்தான் செலவழிப்பாள். போன முறை நான் மோட்டார்சைக்கிளில் ஏறும்போது தாய் ஓடிவந்தா. "சேர், கோவிக்காதீங்க. நீங்க போனாப் பிறகு புள்ள வாசல் கேற்றடியிலயே நிக்கிறா. வெயிலும் தெரியல்ல, சோறும் தேவையில்ல. கூப்பிட்டா, 'சேர் வாறன் எண்டவர்' எண்டுறா. இன்னொருக்கா இப்பிடி நிண்டா, நீங்க வராமலே விட்டாத்தான் நல்லம்." அவளுக்குக் கிடைக்கிற பேச்சுச் சிகிச்சையே நான் ஒருவன்தான். அதுவும் நின்றுவிடப் போகிறது. நானோ, என்மேல் அவளுக்கு அவ்வளவு பற்றாக்கும் என்று வீடு வந்து சேரும்வரை பூரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டிரண்டு பேராக ஒத்திகை. "நான் போறன், இண்டைக்கு இனி வரமாட்டன்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். என் சோடி, காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு தாதி, என் வயதுக்காரர். "நான் போ..." என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்தார். "அல்லாஹ்வே, மௌத்து வீட்டுச் சாவுப் பேச்சு மாதிரி இரிக்கி. உங்களுக்குப் பிரஷர் வேற. நீங்களே சொல்லுங்க சேர்."

"நான் போ... போயிட்டு..."

"அதைத்தானே டொக்டர் வேணாங்கிறா!"

முன்வரிசையில் ஓர் அம்மணி மட்டும் துணிந்து சொல்லி முடித்தா. முடித்த கையோடு களுதாவளைப் பிள்ளையாரைக் கூப்பிட்டா. பிறகு புருஷனைப் போனில் கூப்பிட்டு, சுகமாக இருக்கிறாரா என்று விசாரித்தா.

அடுத்த புதன்கிழமை வவுணதீவுக்குப் போனேன். பாடம் நன்றாகவே நடந்தது. படத்தைக் காட்டி நான் "மீன்" என்றதை அவள் "செப்பலி" என்று மீனின் இனத்தையே சொல்லித் திருத்தினாள். முடிந்ததும் வழக்கம்போல எனக்கு முன்னே கேற்றடிக்கு நடந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நான் போறன்."

"ஐயோ சேர்!" அகப்பையோடு ஓடிவந்தா தாய். "என்ன சொல்லு இது! போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்க!"

மகள் என்னையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. கேற்றுக் கொளுக்கியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "வாறதா? போறதா?"

இலக்கணம் கைவிட்டுவிட்டது. "போறது," என்றேன். "இண்டைக்கு இனி வரமாட்டன். வாற புதன்கிழமை காலமை பத்து மணிக்கு வருவன். அதுவரைக்கும் எனக்காக நிக்க வேணாம்." மனைவியிடம்கூட நான் இவ்வளவு நேர்மையாக விடைபெற்றதில்லை.

"சரி," என்றாள். நான் வெளியே கால் வைத்ததும் கேற்றைக் கொளுவினாள். "அம்மா, சோறு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. என் பூரிப்புக்கு அது கொஞ்சம் சுட்டது.

சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பி வந்தா. நான் இன்னும் ஹெல்மெட் வாரோடு போராடிக்கொண்டிருந்தேன்.

"சேர், மெய்யாவே புதன்கிழமை வருவீங்களா?"

"வருவன் எண்டுதானே சொன்னன்."

"ஓம். ஆனா போறன் எண்டும் சொல்லிப் போட்டீங்களே." வானத்தை ஒருமுறை பார்த்தா. "வீட்ட போய்ச் சேந்ததும் ஒரு கோல் எடுங்க."

வீட்டுக்கு வந்து எடுத்தேன். முதல் மணியிலேயே தாய் போனைத் தூக்கினா. புள்ள சாப்பிட்டு நல்ல நித்திரையாம். தான் கேற்றடியில் நிற்கிறாவாம்.