காது தெளிய இரண்டு நாள்: மழையில் காஞ்சிபுரம்

ஐப்பசி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் காஞ்சிபுரம் போய் வந்தோம். அப்பா, அம்மா, நான். கோயில் பார்க்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொன்னோம். உண்மையான காரணம் அப்பாவின் காது.

அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் தகடு வெட்டும் வேலை. வருடத்துக்கு ஒரு முறை அங்கே காதுச் சோதனை நடக்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள், சின்னச் சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்க வேண்டும். போன வருடமே தட்டுத்தடுமாறித்தான் தேறினார். இந்த முறை தவறினால் பிரஸ்ஸில் நிற்கவிட மாட்டார்கள். வேறு வேலை கொடுப்பார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதனை திங்கட்கிழமை.

யோசனை சொன்னவர் அதே லைனில் நிற்கும் முருகேசன் அண்ணன், சாத்தூர்க்காரர். "ரெண்டு நாளு சத்தமில்லாத ஊருக்குப் போயிருங்கண்ணே. காது தன்னால தெளிஞ்சிரும். நான் போன வருசம் அப்பிடித்தான பாஸானேன்" என்றார். சோதனைக்கு முன்னால் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போவது அங்கே பலருக்கும் வழக்கம். ஊரே ஒரகடம் என்கிறவர்கள் எங்கே போவது? எங்கள் வீட்டு வாசலில் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. இதே காரணத்துக்காகக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் பேருந்து ஏறினோம். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். வெயில் நாளில் ஒரு மணி நேரம், அன்றைய மழையில் ஒன்றே முக்கால். ஜன்னல் கண்ணாடியை மூட முடியவில்லை, அம்மாவின் ஒரு தோள் முழுக்க நனைந்தது. அப்பா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்.

"கம்பெனில குடுக்கிற அடைப்ப வெக்க மாட்டாரு, இங்க பஞ்சு வெச்சிகினு வர்றாரு" என்றாள் அம்மா.

"அத்த வெச்சா அரிக்குதுடி, வேர்வ எறங்குது" என்றார் அப்பா, அவள் வாயைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் கல்லூரி போன முதல் ஆள் என்பதால் லாட்ஜைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. எனக்குப் போனில் பேசவே கூச்சம். சத்தமில்லாத அறையா என்று கேட்க நினைத்துக் கேட்காமலேயே வைத்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வாடகை ஆயிரத்து இருநூறு. போய்ப் பார்த்தால் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு எழுப்பிய அறை. கீழே அறை இல்லை என்றார்கள்.

பத்து மணிக்கு ஆட்டோவில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். அமைதி வேண்டும் என்றால் இந்த ஊரில் அந்தக் கோயில்தான். மழையில் மணற்கல் கருத்துப்போய், சுற்றுச் சுவரின் சின்னச் சின்ன மாடங்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பல சிற்பங்களுக்கு முகமே தேய்ந்துவிட்டது. புல்வெளியில் ஒருவரும் இல்லை. அப்பா பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூணோரம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், மருந்து சாப்பிடுகிறவர் மாதிரி.

கருவறையைச் சுற்றி அங்கே ஒரு குறுகிய வழி உண்டு. ஒரு பக்கத் துளைக்குள் தவழ்ந்து போய் மறுபக்கம் வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அப்பா நுழைந்தார். நடுவில் திரும்பத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர்.

"வலது தோள முன்னாடி விடுங்கோ" என்று வெளியிலிருந்து குருக்கள் சொன்னார். மறுபடி உரக்கச் சொன்னார். அப்பா அசையவில்லை.

"பெரியவரே, உள்ளயே தூங்கிட்டியா? எங்களுக்கும் மோட்சம் வேணும்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு பேர் நடுவில் நான் குரல் உயர்த்திப் பழக்கமில்லை. அன்று "அப்பா" என்று கத்தினேன். அந்த இடுக்குக்குள் என் குரல் எனக்கே காதை அடைத்தது. மூன்றடி முன்னால் இருந்தவர் திரும்பவில்லை. ஆலையில் ஒருவரை ஒருவர் தட்டித்தான் கூப்பிடுவார்கள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். கையை நீட்டி அவருடைய வலது காலை இரண்டு முறை தட்டினேன். உடனே வலப்பக்கம் தோளைச் சரித்து வெளியே போனார்.

"பயந்துட்டியாப்பா?" என்று கேட்டேன், முகத்துக்கு நேராக நின்று.

"நீங்கள்லாம் ஏன் ஒண்ணுமே சொல்லாம கீறீங்கன்னு பாத்தேன்" என்றார்.

மதியம் சாப்பாடு ஆளுக்கு நூறு ரூபாய். ஏகாம்பரநாதர் கோயில் போக நினைத்தோம், தெருவில் முழங்கால் தண்ணீர். அறைக்குத் திரும்பிவிட்டோம்.

நாலு மணிக்கு மழை வலுத்தது. தகரக் கூரையில் சரளைக் கல்லைக் கொட்டுவது போல இரைச்சல். அம்மாவும் நானும் பேச முடியாமல் கையாலேயே சைகை காட்டிக்கொண்டோம். அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நல்ல எடமா புட்சிருக்க பாப்பா. சத்தமே இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமாய்யா" என்று தலையை ஆட்டினாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி, நனைந்திருந்த புடவையை வெகுநேரம் உதறிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்த இடங்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை. மழை விடவில்லை, நாங்களும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று மணிப் பேருந்தில் திரும்பினோம். மறுநாள் சோதனையில் இரண்டு காதும் தவறின. சரக்கு அடுக்கும் யார்டில் இடம் வந்தால் கூப்பிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். அப்பா செல்போனைக் கையிலேயே வைத்திருக்கிறார். மணி அடித்தால் தெரியாது என்பதால் அதிர்வில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முருகேசன் அண்ணனுக்குச் சோதனை அடுத்த வாரம். எந்த லாட்ஜ் என்று கேட்டார். அந்த லாட்ஜ் வேண்டாம். மழைக்காலத்தில் போகிறவர்கள் மேல்மாடி அறையா, கூரை எது என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கைலாசநாதர் கோயில் மதியம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். மாற்றுத்துணி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு எல்லாம் சேர்த்து எங்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆனது.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒன்று செய்யுங்கள். சோதனைக்குப் போகிறவர் சாப்பிட உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் ஒரு முறை கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால் அந்தப் பணத்தைக் காது டாக்டருக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டிலும் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். அப்பாவின் சுபாவமே அப்படி என்று இருந்துவிட்டோம்.