முதல் ஊதுபத்தி

சான்பிரான்சிஸ்கோவில் முப்பதாம் எண் பேருந்தை ஓட்டும் லைஹிங், என் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்தாறு. தினமும் ஸ்டாக்டன் தெரு நிறுத்தத்தில் எழுபத்திரண்டு வயது க்வொக்சிங் ஊன்றுகோலோடு ஏறி, தொப்பியைக் கழற்றி, "வணக்கம் அத்தை" என்பார். புதிதாக ஏறியவர்கள் சிரிப்பார்கள். எங்கள் சீனக் குலத்தில் வயது கணக்கில்லை, தலைமுறைதான். அவர் எனக்கே அண்ணன் முறை.

"உக்காருங்க ஐயா, வண்டி கிளம்பணும்" என்பாள் அத்தை. அத்தைக்குரிய உரிமையை அவள் எடுத்துக்கொண்டதே இல்லை.

க்வொக்சிங் எங்கள் குலச் சங்கத் தலைவர். விருந்தில் முதலில் யார் மீனைத் தொடலாம் என்பதுவரை அவர் வைத்ததுதான் சட்டம். வசந்தத்தில் கொல்மா குன்றில், முன்னோர் கல்லறை முன் முதல் ஊதுபத்தி ஏற்றும் உரிமை மூத்த தலைமுறைக்கு. இதுவரை அப்பா ஏற்றினார். இந்த வருடம் அவர் என் அக்கா குடும்பத்தோடு சியாட்டிலுக்குப் போய்விட்டார். அந்தத் தலைமுறையில் இங்கே மிச்சம் அத்தை மட்டும். ஆனால் பெண்கள் ஓரமாக நின்று ஆரஞ்சு அடுக்குவதே வழக்கம்.

"இருபது வருஷமா படையலுக்கு வறுத்த பன்னியைத் தூக்கிட்டு மலை ஏறுறேன்," என்றாள் அத்தை, குன்றுக்குப் போகும் காரில். "ஒரு தடவை அந்தப் பத்தியை என் கையால ஏத்தணும்டா."

"கேளுங்களேன் அத்தை."

"பாருடா, வாயில்லாப் பூச்சி எனக்கு யோசனை சொல்லுது!"

குன்றின் மேல் க்வொக்சிங் கூவினார்: "தலைமுறைப்படி நில்லுங்க!"

அறுபது பேர் வரிசையானோம். முதல் வரிசை காலி. தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்தியோடு அவரே அங்கே போய் நின்றார்.

அத்தை ஆரஞ்சுக் கூடையை என் கையில் திணித்தாள்.

"டேய் க்வொக்சிங்! அத்தைக்கு முன்னாடியா நிக்கிற?"

அவர் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. முதுகு தானாக வளைந்தது.

"இல்ல... பொம்பளைங்க வந்து..."

"உன் வரிசை எதுடா?"

"ரெண்டாவது, அத்தை."

"அப்புறம்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கடைசியில் க்வொக்சிங்கும் சிரித்துவிட்டார். இரு கைகளாலும் பத்தியை நீட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். கடல்காற்று இரண்டு தீக்குச்சிகளை அணைத்தது. மூன்றாவதற்கு அவரே ஓடிப்போய்த் தொப்பியை மறைப்பாகப் பிடித்தார்.

புகை எழுந்தது. அத்தை மூன்று முறை குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன். ஸ்டாக்டன் தெருவில் தொப்பி கழன்றது.

"வணக்கம் அத்தை."

"கம்பியைப் பிடிடா," என்றாள் அத்தை. "வண்டி எடுக்கப்போறேன்."